பின்மூளைக்கு இரண்டு மதிப்பெண்

பதினொரு வருடமாகப் பின்மூளையை நான் இரண்டு மதிப்பெண்ணுக்கு நடத்திக்கொண்டிருந்தேன். "பின்மூளையின் பகுதிகள் யாவை?" என்று கேள்வி வந்தால் "சிறுமூளை, பான்ஸ், முகுளம்" என்று எழுத வேண்டும். ஒன்றை விட்டால் அரை மதிப்பெண் போய்விடும். நெய்வேலி நகரியத்தில் ஒரு பள்ளியில் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். "சிறுமூளை உடலின் சமநிலையைக் காக்கிறது" என்று போர்டில் எழுதி, அடிக்கோடு போட்டு, மணி அடித்ததும் கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுவேன். இதில் ஆச்சரியப்பட ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே கிடையாது.

ஆச்சரியப்பட வைத்தது என் வயிற்றில் இருந்த பிள்ளை. அதற்கு முன்னால் என்னை நன்றாக அழவும் வைத்தது.

கல்யாணமாகி ஏழு வருடம் ஆகியிருந்தது. என் உடம்புக்கு மாதக் கணக்கு என்ற ஒன்று கிடையாது. இரண்டு மாதம் வராது, அப்புறம் வரும், மறுபடி மூன்று மாதம் காணாமல் போகும். அதனால் இந்த முறை தள்ளிப்போனதை நான் சட்டை செய்யவே இல்லை. வாந்தி வந்தபோதுகூடப் பள்ளி கேண்டீன் போண்டாவைத்தான் திட்டினேன். புடவைக் கொசுவம் வயிற்றில் நிற்காமல் நழுவ ஆரம்பித்த பிறகுதான் சந்தேகம் வந்து டாக்டரிடம் போனோம். "நாலு மாசத்துக்கு மேல இருக்கும்மா, இத்தன நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று அவர் கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அடுத்து அவர் கேட்டது, கடைசியாக வீட்டுக்குத் தூரமானது எந்தத் தேதி என்று. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தன் ஃபோனை எடுத்தார்.

இது எங்கள் ஊர் வழக்கம். வெளியூர்க்காரர்கள் ஒரு நாளை நினைவுபடுத்திக்கொள்ள அமாவாசை, தீபாவளி என்று தேடுவார்கள். இங்கே குவார்ட்டர்ஸில் இருக்கிற எந்த வீட்டிலும் முதலில் கேட்கிற கேள்வி, "அன்னிக்கி உங்க வூட்டுல என்ன ஷிஃப்ட்?" என்பதுதான். ஒரு வாரம் காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், மறுவாரம் செகண்ட், அடுத்தது நைட், மறுபடி ஃபர்ஸ்ட். காய்ச்சல் வந்தது, நகை தொலைந்தது, விருந்தாளி வந்தது என்று எல்லாமே அதை வைத்துத்தான் நினைவில் நிற்கும். என் கணவர் மைன்ஸில் பம்ப் ஆபரேட்டர். வருடம் முழுவதுக்குமான ஷிஃப்ட் சார்ட்டை மூன்று நிற மையில் கட்டம் போட்டு வரைந்து, சமையலறைக் கதவில் ஒட்டி, அதை ஃபோனில் படமும் எடுத்து வைத்திருப்பார். எங்கள் வீட்டில் சாமி படத்தைவிட அந்தச் சார்ட்டுக்குத்தான் மரியாதை அதிகம்.

எனக்கு நினைவிருந்தது இவ்வளவுதான். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வயிற்றுவலியோடு வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். மூன்று மணி வாக்கில் அவர் பைக் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவரை எதற்கோ திட்டினேன். எதற்கு என்று நினைவில்லை. அவரைத் திட்ட எனக்கு நாள் நட்சத்திரம் தேவைப்பட்டதில்லை.

"மூணு மணிக்கு வந்தேன்னா ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுதான்" என்றார் அவர். சார்ட்டைப் பார்த்தார். கணக்குக்குப் பொருந்துகிற மாதிரி இரண்டு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரங்கள் இருந்தன. அதில் பிந்தைய வாரத்தில் நான் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அப்படியென்றால் முந்தையதுதான். அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைத் தேதியை டாக்டர் எழுதிக்கொண்டார். அதுதான் எங்கள் பிள்ளையின் முதல் தேதியானது.

அந்தத் தேதிப்படி இருபதாவது வாரத்தில் முதல் ஸ்கேன் எடுத்தோம். பாலினம் சொல்லப்படாது என்ற பலகைக்குக் கீழே இவர் உட்கார்ந்திருக்க, நான் உள்ளே படுத்திருந்தேன். ஸ்கேன் செய்தவர் முதலில் பேசிக்கொண்டே செய்தார். கை, கால், இதயம் என்று காட்டினார். தலைக்கு வந்ததும் பேச்சு நின்றது. கருவியை அந்தப் பக்கம், இந்தப் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கடைசியில் இவரை உள்ளே கூப்பிட்டு, "தேதி நிச்சயமா?" என்று கேட்டார்.

"நிச்சயங்க" என்று இவர் ஃபோனை நீட்டினார். "எங்க சார்ட்டு தப்பாவாதுங்க."

ரிப்போர்ட்டில் இரண்டு விஷயங்கள் இருந்தன. பிள்ளை இருக்கவேண்டிய அளவைவிட மூன்று வாரம் சின்னதாக இருக்கிறது. அதோடு, சிறுமூளையின் நடுப்பகுதி முழுதாக இல்லை, அதன் கீழே திறப்பு இருக்கிறது, அந்த இடத்தில் திரவம் நிற்கிறது. பின்மூளை வளர்ச்சியில் குறைபாடு இருக்கலாம் என்று எழுதி, புதுச்சேரியில் கருவிலிருக்கும் குழந்தைகளுக்கான டாக்டர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார்கள். சிறுமூளை என்ற சொல்லைக் கோடு போட்டுக் கோடு போட்டுத் தேய்த்தவள் நான். அன்று அதை என் பிள்ளையின் ரிப்போர்ட்டில் படித்தபோது, அதுவரை கேள்விப்படாத ஒரு வார்த்தை மாதிரி இருந்தது.

புதுச்சேரி டாக்டர் ஒரு அம்மாள். அவசரப்படாமல் பேசினார். திரையில் ஒரு கறுப்புக் குழியைக் காட்டி, அதுதான் திரவம் நிற்கிற இடம் என்றார். என் கணவருக்குத் தண்ணீர் என்றால் தொழில். எங்கள் மைன்ஸில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும். சுற்றிலும் ஆழமாகப் போர் போட்டு இடைவிடாமல் இறைத்தால்தான் குழியின் தரை நிற்கும். அந்த நினைப்பில் அவர் கேட்டார்:

"தண்ணி அழுத்தித்தான் அந்த எடம் பேந்துபோச்சா டாக்டர்? கொஞ்சம் எறச்சி வுட்டா பழயபடி மூடிக்குமா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "அப்படி இல்லைங்க. தண்ணி எதையும் உடைக்கலை. மேல இருந்து ஒரு பகுதி வளர்ந்து இறங்கி அந்த இடத்தை மூடணும். அது இன்னும் வரலை. சில குழந்தைகளுக்கு லேட்டா இறங்கும். சில குழந்தைகளுக்கு இறங்காமலே நின்னுடும். இந்த ஒண்ணு மட்டும்னா நான் தைரியமாக் காத்திருக்கச் சொல்வேன். குழந்தை வளர்த்தியும் குறைஞ்சிருக்கே, ரெண்டும் சேர்ந்து வர்றதுதான் எனக்குக் கவலையா இருக்கு. தேதியில சந்தேகமே இல்லையா?"

"இல்லைங்க" என்று இந்த முறை நானே சொன்னேன். டீச்சர் இல்லையா, தெரியாததையும் தெரிந்த குரலில் சொல்ல எனக்குப் பழக்கம்.

இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். அப்போதும் அது திறந்தே இருந்து, பிள்ளையும் வளராமல் இருந்தால், கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்யவேண்டி வரும் என்றார். கருக்கலைப்புக்குச் சட்டப்படி வாரக் கெடு இருப்பதால், வீட்டில் வைத்துப் படித்துப் பார்க்க அதற்கான ஒப்புதல் படிவத்தையும் கொடுத்தார். இதுதான் செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பாரமாக இருந்தது.

அந்த இரண்டு வாரமும் நான் படித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பள்ளி நூலகத்தில் இருந்த கருவியல் புத்தகத்தை, வருடக்கணக்கில் யாரும் தொடாததை, தூசி தட்டி எடுத்து வந்தேன். சாயங்காலம் இவர் வருகிறவரை கூடத்தில் உட்கார்ந்து வாசிப்பேன். பயத்தோடுதான் திறந்தேன். நான்காவது பக்கத்தில் பயம் எங்கேயோ போய்விட்டது.

மூன்று வாரக் கருவில் மூளையும் கிடையாது, முதுகும் கிடையாது. தட்டையான ஒரு பட்டை மட்டும் இருக்கிறது. யாரும் சொல்லாமல் அது தன் இரண்டு ஓரங்களையும் தூக்குகிறது. ஓரங்கள் நடுவில் சேர்ந்து குழலாகின்றன. குழலின் மேல்முனை மூன்று இடத்தில் புடைக்கிறது. கடைசிப் புடைப்புதான் பின்மூளை. அதில் கொஞ்ச நாளைக்கு மட்டும் ஏழெட்டு வளையங்கள் வரிசையாகத் தோன்றுகின்றன. தாடையை அசைக்கப்போகும் நரம்பு ஒரு வளையத்திலிருந்து, சிரிக்க வைக்கப்போகும் நரம்பு இன்னொன்றிலிருந்து என்று கிளம்புகின்றன. கிளம்பியானதும் வளையங்கள் மறைந்துவிடுகின்றன. வீடு கட்டி முடிந்ததும் கொத்தனார் சாரத்தைப் பிரித்துக்கொண்டு போகிற மாதிரி, அப்படி ஒன்று இருந்த தடமே இருப்பதில்லை. நான் பதினொரு வருடமாகக் கட்டி முடித்த வீட்டை மட்டுமே பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன்.

பிறகு அந்தக் குழல் வளைகிறது. வளையும்போது முதுகுப்பக்கம் விரிந்து, உள்ளே நான்கு மூலையுள்ள ஒரு குழி உண்டாகிறது. அதன் கூரை மெல்லிய தோல். குழியின் இரண்டு ஓரங்களிலிருந்தும் செல்கள் வளர்ந்து, இரண்டு மேடாகி, நடுவில் சந்தித்து ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய அந்த நடுப்பகுதிதான் வெர்மிஸ். அது மேலிருந்து கீழாக, கடை ஷட்டர் இறங்குகிற மாதிரி, வாரக்கணக்கில் இறங்கிக் குழியை மூடுகிறது. பாதியில் நின்றுவிட்டால் திரவம் அங்கேயே தேங்கிப் பெருகுகிறது. என் ரிப்போர்ட்டில் இருந்த திறப்பு அதுதான்.

இன்னொன்றும் படித்தேன். சிறுமூளையின் செல்களில் பெரும்பாலானவை பிறந்த இடத்திலிருந்து நேராகத் தங்கள் இடத்துக்குப் போவதில்லை. முதலில் வெளியே, மேற்பரப்புக்குப் போகின்றன. அங்கே கோடிக்கணக்கில் பெருகி, பிறகு திரும்பி உள்ளே இறங்குகின்றன. பிள்ளை பிறந்த பிறகும் பல மாதம் இந்த இறக்கம் நடக்கிறது. தலை நிற்பதற்கும், உட்காருவதற்கும், நடப்பதற்கும் உள்ளே அவை வந்து சேர்ந்தபடி இருக்கின்றன. வாசித்துவிட்டு வயிற்றில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் துவரம்பருப்பு வேகவைத்துக்கொண்டும் விடைத்தாள் திருத்திக்கொண்டும் இருந்தபோதெல்லாம் உள்ளே இவ்வளவு நடந்திருக்கிறது. ஒன்றுக்குக்கூட என்னைக் கேட்கவில்லை. இத்தனை படிகள் இருக்கிற ஒரு வேலை பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சரியாக முடிந்துவிடுகிறது என்பதுதான் எனக்கு நம்பமுடியாமல் இருந்தது.

இவரிடம் சொன்னேன். சார்ட் ஒட்டிய கதவில் சாய்ந்து நின்று கேட்டார். "ஒரு ஆபரேட்டர் கூட இல்லாம இத்தினியும் ஓடுதா?" என்றார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆச்சரியம் ஒரு பக்கம், முடிவு ஒரு பக்கம். பேசிப் பேசிப் பார்த்தோம். திறப்பு அப்படியே இருந்தால் தொடர்வதில்லை என்று முடிவு செய்தோம். இதே இடத்தில் நின்றவர்கள் எப்படி முடிவு செய்திருந்தாலும் அதைப்பற்றிப் பேச எனக்கு அருகதை இல்லை. நாங்கள் இப்படிச் செய்தோம், அவ்வளவுதான். எந்தப் படிவத்தையும் முன்கூட்டியே நிரப்பி வைப்பது என் புத்தி. அன்றும் நீல மையில், பிசிறில்லாத கையெழுத்தில் நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு கோடுதான் விட்டிருந்தார்கள். "குழந்தைக்குப் பின்மூளை வளர்ச்சிக் குறைபாடு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் ஃபைலோடு பையில் வைத்தேன்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏதோ விசேஷத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சள் துணிப் பை. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஃபைல் நுழைகிற அளவுக்குப் பெரியதாக இருந்ததால் முதல் ஸ்கேனிலிருந்து அதைத்தான் எடுத்துக்கொண்டு அலைந்தேன்.

இரண்டாவது முறை காலை பஸ்ஸில் வடலூர், கடலூர் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். காத்திருக்கும் இடத்தில் எங்களுக்குப் பக்கத்தில் பண்ருட்டிப் பக்கத்துப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வயிறு எனக்கு இருந்த அளவுதான். கூட எட்டு வயது மகள். அந்தச் சிறுமி தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். கால்களை அகட்டி வைத்து, ஒரு கையைச் சுவரில் வைத்தபடி, ஒவ்வொரு அடியாக நடந்தாள். குடித்த டம்ளரைத் திரும்ப வைக்கக் கை இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை சரியாக வைத்தாள். வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

"சின்னமூள நடுவுல சரியா வளரலிங்க" என்று அவள் அம்மாவே சொன்னார். என் பார்வை அவருக்குப் பழகியிருக்கும். "தண்ணி கட்டிக்கிது. கொயந்தையிலயே டியூப் வச்சிட்டாங்க. இது ரெண்டாவது புள்ள, அதான் எதுக்கும் பாத்துக்கலாம்னு வந்தன்."

திரும்பி நடந்து வந்த சிறுமியின் காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் சின்னதாக ஒரு மேடு தெரிந்தது. அங்கிருந்து குழாய் கழுத்து வழியாக வயிற்றுக்குள் இறங்குகிறது என்றார். என் கணவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "மோட்டார் இல்லாமலாங்க ஓடுது?"

"வால்வு இருக்குதாம். தேவைக்கு மேல சேந்தா அதுவே தொறந்துக்குதாம்."

இவர் எழுந்து, கோயிலில் நிற்பது போல நின்று அந்த மேட்டையே பார்த்தார். நான் அந்த அம்மாளிடம் மெதுவாகக் கேட்டேன், முன்னாலேயே தெரியுமா என்று. "எங்க தெரிஞ்சிது? எங்க ஊருல அப்ப ஸ்கேன் எடுக்கல. தெரிஞ்சிருந்தா இன்னா பண்ணியிருப்பேனோ, எனக்கே தெரியலிங்க" என்றார். பொய் சொல்லாமல் பேசுகிற அவரை எனக்குப் பிடித்துப்போனது.

சிறுமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாளாம். கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் வாசிப்பாள் என்றார் அம்மா. என் மடியிலிருந்த பையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு எழுத்தாக, நடுவில் மூச்சு வாங்கி, குரல் ஏறியும் இறங்கியும் வந்தது.

"கா… த… ணி… வி… ழா."

கீழே இருந்த தேதியையும் விடவில்லை. மாதம், நாள், "ஞா… யி… று" வரை வாசித்து முடித்தாள். முடித்ததும் உள்ளே இருந்த தாள்களை வாசிக்கப் பைக்குள் கையை விட்டாள். மேலாக இருந்தது நான் நிரப்பிய படிவம்.

வெடுக்கென்று பையை இழுத்துக்கொண்டேன். அவள் கை அப்படியே காற்றில் நின்றது. "அது வேணாண்டா கண்ணு" என்றேன். என் முகம் எரிந்தது. அந்தச் சங்கடத்தை மறைக்க வேண்டுமே என்று இவரிடம் திரும்பி, "இது யார் வீட்டுக் காதணி விழா?" என்று சும்மா கேட்டேன்.

"நம்ம செக்ஷன்ல கூட வேல செய்றாரே, அவரு பொண்ணுக்கு. மந்தாரக்குப்பத்துல மண்டபம். அவரு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்ட அன்னிக்கி நான் பாத்தன், என் நைட்ட அவரு பாத்தாரு. ட்யூட்டி முடிஞ்சி வர வழியில மண்டபத்துல சாப்ட்டு, உனக்கும் பிரியாணி வாங்கிகினு…"

அவர் நிறுத்திவிட்டார். எனக்கு அந்தப் பிரியாணி வாசனை வந்துவிட்டது. வெந்நீர்ப் பை, வயிற்றுவலி, மூன்று மணி, பைக் சத்தம், பிரியாணி வாசனை. "கொமட்டுது, மொதல்ல இத வெளிய வைங்க" என்று கத்தினேனே, அதற்குத்தான் அன்று அவரைத் திட்டியது.

"அந்த ஞாயித்துக்கிழம சார்ட்ல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

ஃபோனை எடுத்துப் பார்த்தார். "நைட்டு" என்றார். "மாத்திகினத லாக் புக்ல எழுதினன். வூட்டு சார்ட்ல எழுதல."

நாங்கள் சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் பிந்தி இருந்தது அந்த ஞாயிறு. இந்தத் தேதியைத்தான் நான் மடியில் வைத்துக்கொண்டு நெய்வேலிக்கும் புதுச்சேரிக்கும் அலைந்திருக்கிறேன். ஊரிலுள்ள பிள்ளைகளையெல்லாம் "கேள்வியை ஒழுங்காப் படி, கேள்வியை ஒழுங்காப் படி" என்று கத்துகிற எனக்கு, என் கைப் பையில் இருந்ததைப் படிக்கத் தெரியவில்லை. இவரையும் திட்ட முடியவில்லை. நிச்சயம் என்று சொன்னது நானும்தானே.

அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். படுப்பதற்கு முன்பே இவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், ஷிஃப்ட், பிரியாணி, பை என்று. டாக்டர் பொறுமையாகக் கேட்டு, "மூணு வாரக் குறையில ரெண்டு வாரம் இங்கயே வந்துடுச்சு. உங்களுக்கு மாசக் கணக்கு ஒழுங்கா வர்றதில்லை, கரு பிடிக்கவே ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கும். அப்ப போன தடவை பார்த்த குழந்தை சின்னக் குழந்தை இல்லை, வயசு குறைஞ்ச குழந்தை. சரி, பார்த்துடலாம்" என்றார்.

கருவியை வைத்தார். நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன். அளந்தார். மறுபடி அளந்தார். "ரெண்டு வாரத்துக்கு ரெண்டு வாரம் வளர்ந்திருக்கு" என்றார். பிறகு தலைக்கு வந்தார். முன்பு போலவே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இங்க பாருங்கம்மா."

பார்த்தேன். போன முறை கறுப்புக் குழி வாயைத் திறந்துகொண்டிருந்த இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு மடிப்பு மேலிருந்து இறங்கி வந்திருந்தது. "இதுதான் வெர்மிஸ். அடியில ஒரு நூல் அளவுதான் பாக்கி. போன தடவை பார்த்தப்ப அது இறங்கிட்டிருந்திருக்கு, நாம அதுக்கு முந்தியே போய்க் கதவைத் தட்டியிருக்கோம். இன்னொரு தடவை பார்த்து உறுதி பண்ணிக்கலாம். எனக்குப் பயமில்லை."

புத்தகத்தில் படித்தது என் கண்முன் நடந்திருந்தது. அப்போது பிள்ளைக்கு விக்கல் எடுத்தது. உடம்பே சின்னதாகத் தூக்கிப் போட்டது. "இதுவும் பின்மூளை வேலைதான்" என்றார் டாக்டர். நான் வெட்கமில்லாமல் உரக்க அழுதேன். இவர் என் கால் பக்கம் நின்று திரையைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது பண்ருட்டி அம்மாளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகளும் கூடவே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கதவருகே எங்களைப் பார்த்து நின்றாள். நடந்துகொண்டே கையாட்டினால் விழுந்துவிடுவாள் போலிருக்கிறது. முதலில் கால்களை அகட்டி ஊன்றி நின்றாள், பிறகு சுவரிலிருந்து கையை எடுத்து ஆட்டினாள், மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் அம்மாவுக்கு என்ன செய்தி கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நாங்கள் கிளம்பிவிட்டோம். பத்து நிமிடம் நின்றிருக்கலாம். என் சந்தோஷம் எனக்குப் பெரிதாகிவிட்டது.

அடுத்த ஸ்கேனில் முழுதாக மூடியிருந்தது. மகன் பிறந்தான். அந்தச் சார்ட் இன்னும் கதவில்தான் இருக்கிறது, ஆனால் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டால் இவர் அன்றே வந்து பென்சிலில் திருத்திவிடுகிறார். இந்த வருடம் பின்மூளைப் பாடத்தை மூன்று நாள் எடுத்தேன். "மிஸ், இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டார்கள். வராது, கேளுங்கள் என்றேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம் மகன் என் புடவையை விட்டுவிட்டுத் தனியாக மூன்று அடி நடந்தான். கால்களை அகட்டி, கைகளை விரித்து, எல்லாப் பிள்ளைகளும் முதலில் நடக்கிற மாதிரித்தான் நடந்தான். எனக்கு உடனே நினைவுக்கு வந்தவள் அந்தப் பண்ருட்டிச் சிறுமி. ஆணியிலிருந்த மஞ்சள் பையை எடுத்தேன். ஃபைலுக்கு மேலே அந்தப் படிவம் அப்படியே இருந்தது. பயன்படாத தாள்தானே, கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் எடுத்தேன்.

காரணம் என்ற இடத்தில் என் கையெழுத்து அழகாக இருந்தது. "குழந்தைக்குப் பின்மூளை வளர்ச்சிக் குறைபாடு." இரண்டு மதிப்பெண் விடை, ஒரே வரியில் முடிந்துவிட்டது. ஆனால் அதில் இருந்தது என் மகன் இல்லை. எழுத்தெழுத்தாக மூச்சு வாங்கி என் மடியிலிருந்த தேதியை எனக்குப் படித்துச் சொன்னாளே, அவள்தான் அந்த வரியில் இருந்தாள். அதன் கீழே என் கையெழுத்து இருந்தது.